முதல் செமஸ்டரிலேயே பிசிக்ஸும் பைத்தானும் அரியரா? படிப்படியாக வெளியே வரும் வழி

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.இ. சேர்ந்தவன் நான். பள்ளியில் இயற்பியலில் நூற்றுக்கு 86. முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் இன்ஜினியரிங் பிசிக்ஸ், பைத்தான் புரோகிராமிங் இரண்டுக்கும் ‘யூ’, அதாவது தோல்வி, என்று வந்தபோது வீட்டில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. இரண்டையும் க்ளியர் பண்ண எனக்கு இன்னும் இரண்டு தேர்வுக் காலம் பிடித்தது. அதில் முதலாவது முழுக்க வீணாகப் போனது. ராத்திரி ஒரு மணி வரை உழைத்தேன், ஆனால் தவறான இடத்தில் உழைத்தேன். உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருடத்துப் பாடத்திட்டமும் தேர்வு விதிகளும். அதற்குப் பிறகு வந்த ரெகுலேஷனில் சேர்ந்தவர்கள் பாடத்தின் பெயரையும் யூனிட்டையும் தங்கள் சிலபஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

1. எங்கே சிக்குகிறீர்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

“எனக்கு பிசிக்ஸ் வராது” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று தெரிந்தால் செய்யலாம். ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒரே ஒரு 13 மார்க் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் பதில் எழுதிப் பாருங்கள். பேனா நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் உங்களையே கேளுங்கள்.

பிசிக்ஸ் என்றால்: கேள்வியில் இருந்த ஆங்கிலச் சொல்லே புரியவில்லையா? சொல் புரிந்தது, படம் மனதில் வரவில்லையா? படமும் வந்தது, நடுவில் வரும் வகையீடோ தொகையீடோ தெரியவில்லையா?

பைத்தான் என்றால்: இன்னொருவர் எழுதிய புரோகிராமைப் படித்தால் என்ன செய்கிறது என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடிகிறது, ஆனால் வெற்றுத் தாளில் முதல் வரியை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? தாளில் எழுதிவிடுகிறீர்கள், கம்ப்யூட்டரில் அடித்தால் எரர் வருகிறதா?

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. என் விஷயத்தில் பிசிக்ஸில் சிக்கல் சொல்லிலும் கணக்கிலும். பைத்தானில் வெற்றுத் தாளில். இது தெரியாமல் முதல் தடவை முழுக்க ஜெராக்ஸ் கடையில் விற்கும் ‘முக்கியக் கேள்விகள்’ கட்டை வாங்கி மனப்பாடம் செய்தேன். அந்தக் கட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

2. பள்ளிப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் 11, 12-ஆம் வகுப்பு இயற்பியல் புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டும் ஒரே பாடம், ஒரே படங்கள், ஒரே சமன்பாடுகள். பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு ஆங்கிலப் பெயர் என்ன என்று தெரிந்துவிடும். வகுப்பில் ‘மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா’ என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் கணக்குப் போட்ட நிலைமத் திருப்புத்திறன்தான் அது என்று இப்படித்தான் தெரிந்தது.

இன்ஜினியரிங் பிசிக்ஸ் யூனிட்டுகளுக்கு எந்தப் பள்ளிப் பாடம் அடிப்படை என்று நான் போட்டு வைத்த கணக்கு:

முதல் யூனிட், மெக்கானிக்ஸ்: 11-ஆம் வகுப்பின் 5-ஆம் அலகு, துகள்களாலான அமைப்பு மற்றும் திண்பொருட்களின் இயக்கம்.
இரண்டாம் யூனிட், மின்காந்த அலைகள்: 12-ஆம் வகுப்பின் 5-ஆம் அலகு.
மூன்றாம் யூனிட்டில் அலைவுகள்: 11-ஆம் வகுப்பின் 10-ஆம் அலகு. அதிலேயே வரும் ஒளியியலுக்கு 12-ஆம் வகுப்பின் 6, 7-ஆம் அலகுகள்.
நான்காம் யூனிட், குவாண்டம்: 12-ஆம் வகுப்பின் 8-ஆம் அலகு. டி ப்ராய் அலைநீளம் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் யூனிட்டுக்குப் பள்ளிப் புத்தகத்தில் நேரடியான துணை இல்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் யூனிட் கைக்கு வந்த பிறகு அது அவ்வளவு பயமுறுத்தாது.

வகையீடு, தொகையீடு, வெக்டர் மூன்றும் தடுமாறினால் தனியாகக் கணக்குப் புத்தகம் தேடிப் போக வேண்டாம். 11-ஆம் வகுப்பு இயற்பியலின் 2-ஆம் அலகிலேயே பிசிக்ஸுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. ஒரு சனி ஞாயிறு போதும்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். இடது பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் உச்சரிப்போடு, வலது பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், கீழே ஒரு சின்னப் படம். எனக்கு 140 சொல் வரை வந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

3. டெரிவேஷனை மனப்பாடம் செய்யாதீர்கள்

தோற்ற பிறகு விடைத்தாளின் போட்டோகாப்பி வாங்கிப் பார்த்தேன். முறுக்கு ஊசல், அதாவது டார்ஷனல் பெண்டுலம் பற்றிய 13 மார்க் கேள்வி. இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நடுவில் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது; மனப்பாடம் செய்தவனுக்கு அது விட்டுப்போனதே தெரியாது. அதற்குக் கீழே இருந்தது எல்லாம் அர்த்தமில்லாத எழுத்து. படமும் போடவில்லை. 4 மார்க் போட்டிருந்தார்கள். அது நியாயமான மார்க்.

இரண்டாம் தடவை அதே கேள்வியை இப்படிப் படித்தேன். சுருள்வில்லில் தொங்கும் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக அது திரும்ப இழுக்கும். அலைவு நேரம்: நிறையை வில்லின் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்கினால் வந்துவிடும். இது பள்ளியிலேயே படித்தது. முறுக்கு ஊசலில் இழுப்பதற்குப் பதிலாகத் திருகுகிறோம். ஆகவே தூரம் இருந்த இடத்தில் கோணம், நிறை இருந்த இடத்தில் நிலைமத் திருப்புத்திறன், வில் மாறிலி இருந்த இடத்தில் கம்பியின் முறுக்கு மாறிலி. மூன்று எழுத்தை மாற்றினால் டெரிவேஷன் முழுக்கத் தானாக நடக்கிறது. ஒரு கம்பியில் பழைய சிடி தட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஒருமுறை திருகி விட்டுப் பாருங்கள். அந்தப் படம் மனதில் நின்றால் எந்த வரியும் விட்டுப்போகாது.

ஒவ்வொரு டெரிவேஷனுக்கும் இதே மாதிரி, “இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த எதனுடைய உறவு?” என்று கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு தேர்வில் வரிசையாக: முதலில் படம், அடுத்து குறியீடுகளுக்கு விளக்கம், அதற்கப்புறம் சமன்பாடு. படமும் குறியீடும் எழுதினாலே சில மார்க் நிச்சயம்.

பார்த்துப் புரிந்துகொள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ சிமுலேஷன்கள் இலவசம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஊசல் சிமுலேஷனில் நீளத்தை 1 மீட்டரிலிருந்து கால் மீட்டராகக் குறையுங்கள். அலைவு நேரம் சரியாகப் பாதியாகும். நிறையை மாற்றினால் ஒன்றும் ஆகாது. நான் அதை நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

4. பைத்தான்: முதலில் பென்சில், அப்புறம் கீபோர்டு

சிலபஸில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடைசியில் ‘இல்லஸ்ட்ரேட்டிவ் ப்ராப்ளம்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. பட்டியலில் மிகச்சிறிய எண், இரண்டு மாறிகளின் மதிப்பை இடம் மாற்றுவது, மீப்பெரு பொது வகுத்தி, லீனியர் சர்ச், பைனரி சர்ச், ரீடெயில் பில், ஒரு ஃபைலில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணுவது. மொத்தம் இருபதை ஒட்டித்தான் வரும். இந்த இருபதையும் புரிந்து செய்தவருக்கு அரியர் விழாது என்று நான் நம்புகிறேன். என் கூட இருந்த மூன்று பேர் இதை மட்டும் செய்து பாஸானார்கள்.

ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு முன் தாளில் ஒரு கட்டம் போட்டு ஓட்டுங்கள். உதாரணமாக மிகச்சிறிய எண். பட்டியல் 42, 17, 63, 8 என்று வைத்துக்கொள்வோம். ‘சிறியது’ என்று ஒரு கட்டம். அதில் முதலில் 42. அடுத்து 17 வருகிறது, 42-ஐ விடச் சிறியது, கட்டத்தை அடித்துவிட்டு 17. அடுத்து 63, மாற்றம் இல்லை. அடுத்து 8, கட்டத்தில் 8. முடிந்தது. நான் முதன்முதலில் எழுதியபோது கட்டத்தில் 0-வை வைத்துத் தொடங்கினேன். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் விடை 0 என்றே வந்தது. லேபில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் புரியவில்லை. அறைக்கு வந்து தாளில் ஓட்டியபோது இரண்டாவது வரியிலேயே பிடிபட்டது: 0-வை விடச் சிறிய எண் பட்டியலில் இல்லவே இல்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் மூன்று குழிகள்:

‘ரேஞ்ச்’சில் 1, 10 என்று கொடுத்தால் 1 முதல் 9 வரைதான் ஓடும். 10 சேராது.

‘இன்புட்’ மூலம் வாங்கும் எண், எண்ணாக வராது, எழுத்தாக வரும். 5-ஐயும் 7-ஐயும் வாங்கிக் கூட்டினால் 12 வராது, 57 வரும். ‘இன்ட்’ போட்டு மாற்ற வேண்டும்.

எரர் வந்தால் பதறி மேலிருந்து படிக்காதீர்கள். கடைசி வரியைப் படியுங்கள், பிறகு எந்த வரி எண் என்று பாருங்கள். ‘நேம் எரர்’ என்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழை. ‘இன்டென்டேஷன் எரர்’ என்றால் வரியின் தொடக்க இடைவெளி பிசகியிருக்கிறது. வந்த எரரையும் சரிசெய்த விதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு எரர்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

இன்னொன்று. செமஸ்டர் தேர்வில் பைத்தானைக் கையால்தான் எழுதுகிறோம். தாளில் இன்டென்டேஷன் தெரியவில்லை என்றால் திருத்துகிறவருக்குப் புரோகிராம் தவறாகத் தெரியும். பென்சிலில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் போட்டுக்கொண்டு எழுதுங்கள். புரோகிராமுக்குக் கீழே ஒரு மாதிரி அவுட்புட் கட்டாயம்.

5. லேப்டாப் இல்லையென்றால்

கடன் வாங்கி லேப்டாப் வாங்க வேண்டாம், முதலாமாண்டுக்கு அது அவசியமில்லை. ஆண்ட்ராய்டு போனில் ‘பைட்ராய்டு’ என்ற செயலியில் இந்த இருபது புரோகிராமும் ஓடும், இன்டர்நெட்டும் தேவையில்லை. கல்லூரி லேப் சாயங்காலம் திறந்திருந்தால் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஐஐடி பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் சின்னச் சின்னப் பாடங்களாகத் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன, செலவில்லை. ஒரு பாடத்தை ஓடவிட்டு, பாதியில் நிறுத்தி, நீங்களும் அதையே அடித்துப் பாருங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெற்றுத் தாள் வந்ததும் காணாமல் போகும்.

6. இரண்டையும் ஒரு தடவையாவது சேர்த்துச் செய்யுங்கள்

இது தேர்வுக்கு வராது. ஆனால் எனக்கு இரண்டு பாடத்தின் மேலும் இருந்த பயம் போனது இந்த ஒரு மாலையில்தான்.

20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைப் போடுகிறோம். எத்தனை விநாடியில் தரையைத் தொடும்? சூத்திரம் 2.02 விநாடி என்கிறது. இப்போது சூத்திரத்தை மறந்துவிட்டு பைத்தானில் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வரிகள், எழுதுங்கள். வேகம் 0, தூரம் 0, நேரம் 0. ஒவ்வொரு 0.1 விநாடிக்கும் வேகத்தோடு 9.8 பெருக்கல் 0.1-ஐக் கூட்டுங்கள். அப்புறம் தூரத்தோடு வேகம் பெருக்கல் 0.1-ஐக் கூட்டுங்கள். நேரத்தோடு 0.1-ஐக் கூட்டுங்கள். தூரம் 20-ஐத் தாண்டியதும் நிறுத்தி நேரத்தைப் பாருங்கள். 2.0 வரும். இனி 0.1 இருந்த இடத்தில் எல்லாம் 0.01 போட்டு ஓட்டுங்கள். 2.02 வரும்.

முடுக்கம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகவே புரிந்தது அந்த இரண்டு வரியில்தான். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, கூடின வேகத்தால் தூரம் கூடுகிறது. தொகையீடு என்று கணக்கு வகுப்பில் சொல்வதும் இதைத்தான். துண்டை எவ்வளவு சின்னதாக நறுக்குகிறோமோ, அவ்வளவு சரியான விடை.

7. எத்தனை மார்க் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 (நூற்றுக்கு எழுதுவதை அறுபதுக்குக் குறைப்பார்கள்). தேர்வில் மட்டும் நூற்றுக்குக் குறைந்தது 45 எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 50 வர வேண்டும். இன்டர்னல் 23 இருந்தால் தேர்வில் 45 எடுத்தாலே போதும். இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 59 வேண்டும். ஆகவே இன்டர்னல் டெஸ்ட்டை “செமஸ்டரில் பார்த்துக்கலாம்” என்று விடுவது பெரிய தப்பு. நான் விட்டேன்.

கேள்வித்தாள் மூன்று மணி நேரம். 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. 2 மார்க் கேள்விகளை மட்டும் ஒழுங்காகப் படித்தாலே 14, 15 கையில் வரும். மூன்று யூனிட்டை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தால் 13 மார்க்கில் மூன்று கேள்வி. 45-ஐ இப்படித்தான் தாண்ட வேண்டும். ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகத் தொட்டுத் தாண்ட முடியாது.

லேபில் கணக்கு தலைகீழ்: இன்டர்னல் 60, எக்ஸ்டர்னல் 40. அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிய அன்றே ரெக்கார்டு எழுதிவிடுங்கள். கடைசி வாரம் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட்டையும் சேர்த்து எழுதி, கையெழுத்துக்கு வரிசையில் நின்றவர்களின் நிலைமையை நான் பார்த்திருக்கிறேன்.

8. தேதி, காகிதம், பணம்

அரியர் எழுத வருடத்தில் இரண்டு வாய்ப்பு: நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே. பெயர் தானாகச் சேராது. எக்ஸாம் செல் நோட்டீஸ் போட்டதும் பாடக் குறியீட்டைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, ஃபீஸ் கட்ட வேண்டும். நான் கட்டியபோது ஒரு தியரி தாளுக்கு 150 ரூபாய். உங்கள் நோட்டீஸில் இருக்கும் தொகையைப் பாருங்கள். ரசீதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பன் ஒருவனுக்கு ஹால் டிக்கெட்டில் பைத்தான் மட்டும் விட்டுப்போய், அந்த ரசீதால்தான் தேர்வுக்கு முந்தைய நாள் சரியானது.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். உடம்பு சரியில்லாமல் 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால் மருத்துவச் சான்றிதழோடு கேட்கலாம். அந்தச் சான்றிதழை லீவு முடிந்து வந்த அன்றே கொடுங்கள், செமஸ்டர் முடிவில் கொண்டுபோனால் வாங்குவார்கள் என்று நம்பாதீர்கள்.

படிக்கும் நேரம்: நடப்பு செமஸ்டரோடு சேர்த்து அரியர் படிப்பதால் தினமும் பிசிக்ஸுக்கு 45 நிமிடம், பைத்தானுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் வைத்தால் நடப்புப் பாடங்கள் விழும். பத்து வாரம் இப்படிப் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

9. யாரிடம், எப்படிக் கேட்பது

“சார், ஒண்ணுமே புரியலை” என்று போனால் அவரும் என்ன செய்வார்? முதல் படியில் கோடு போட்டு வைத்தீர்களே, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். “சார், இந்த வரிவரைக்கும் வந்துட்டேன், இங்கிருந்து அடுத்த வரி எப்படி வந்துச்சு?” என்று தமிழிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்டபோது என் பிசிக்ஸ் சார் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருடம் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

சீனியர் அண்ணன், அக்காவிடம் நோட்ஸ் மட்டும் கேட்காதீர்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் புரோகிராமைச் சத்தமாக விளக்க, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

அரியர் விழுந்ததும் வீட்டில் மறைக்காதீர்கள். மறைத்த நாலு மாதம்தான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, “சரி, அடுத்து எப்போ எழுதணும்?” என்று மட்டும் கேட்டார். தூக்கம் போய், சாப்பாடு போய், உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால் தயவுசெய்து 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

10. ரிசல்ட் வந்த அன்று

பாஸ் என்றால் சந்தோஷம். திரும்பவும் ‘யூ’ என்றால் அன்றைக்கு ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம், ஆனால் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள்தான் தருவார்கள். நான் கட்டியபோது போட்டோகாப்பிக்கு ஒரு தாளுக்கு 300 ரூபாய், ரீவேல்யூவேஷனுக்கு 400. போட்டோகாப்பி வாங்கியவர்தான் ரீவேல் போட முடியும்.

போட்டோகாப்பி வந்ததும் அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் காட்டுங்கள். பாஸ் மார்க்குக்கு நாலைந்து மார்க் குறைவு, திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறது, கூட்டல் தவறு என்றால் ரீவேல் போடுங்கள். 20 மார்க் குறைவு என்றால் அந்த 400 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். ரீவேல் ரிசல்ட் வரும் என்று காத்திருந்து அடுத்த அரியர் ஃபீஸ் தேதியைத் தவறவிடாதீர்கள், இரண்டையும் கட்டிவிடுங்கள்.

அந்தப் போட்டோகாப்பியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பதிலிலும் மார்க் போன வரியின் பக்கத்தில் சொல், படம், கணக்கு என்ற மூன்றில் எது என்று எழுதுங்கள். அடுத்த நாள் காலை அதில் எது அதிகம் வந்திருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.